பரங்கிமலையில் பார்த்த குறி: சென்னையில் சோதிக்கப்பட்ட ஒரு மாபெரும் தொலைநோக்கியின் கதை

துப்பாக்கி சுடும் விளையாட்டில் இருப்பவர்கள் புது ஸ்கோப் ஒன்றை வாங்கினால் அதை உடனே நம்பிவிட மாட்டார்கள். எவ்வளவு பெரிய கம்பெனி செய்ததாக இருந்தாலும் சரி, எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் சரி, முதலில் அதைச் சோதித்துப் பார்ப்பார்கள். தூரத்துக் குறியைச் சுடுவதற்கான ஸ்கோப் என்றால் சோதனை இன்னும் கடுமையாக இருக்கும். சுருக்கமாகச் சொன்னால் அவர்கள் கேட்கும் கேள்விகள் மூன்று.

ஒன்று, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் குறி பார்த்தால் ஒரே விடை வருகிறதா? இரண்டு, திருகைத் திருப்பும்போது சொன்ன அளவுக்குத்தான் குறி நகர்கிறதா? அதாவது 40 கிளிக் ஏற்றிச் சுட்டுவிட்டு, மறுபடி 40 கிளிக் இறக்கினால் பழைய இடத்துக்கே வருகிறதா? மூன்று, ஒரு அடி பட்டால், கீழே விழுந்தால், அதன் பிறகும் தாங்குமா?

இந்த மூன்று சோதனையும் துப்பாக்கி ஸ்கோப்புக்காக யாரோ புதிதாகக் கண்டுபிடித்தவை அல்ல. துப்பாக்கியின் மேல் தொலைநோக்கி ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அரை டன் எடையுள்ள ஒரு குறிபார்க்கும் கருவி இதே மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கதை தொடங்கிய இடம் சென்னையின் தெற்குப் புறநகர். பரங்கிமலை அடிவாரத்துக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் நடுவே உள்ள சமவெளி. ஆண்டு 1802.

கலையும் விகலையும்

கதைக்குப் போகும் முன் ஒரு சின்னக் கணக்கு.

ஸ்கோப் தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் குறி பார்ப்பவருக்கு அதைவிட முக்கியமான வேலை ஒன்றை அது செய்கிறது. அது கோணத்தை அளக்கிறது. ஒரு வட்டத்தில் 360 பாகை. ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு கலை. பள்ளிப் புத்தகம் இதை நிமிடம் என்கிறது. ஒரு கலையை இன்னும் அறுபதாகப் பிரித்தால் ஒரு விகலை. பஞ்சாங்கம் கணிப்பவர்கள் காலங்காலமாகப் புழங்கும் சொற்கள் இவை.

ஒரு கலை என்பது 100 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 2.9 சென்டிமீட்டர். 1000 மீட்டரில் 29 சென்டிமீட்டர். பல ஸ்கோப்புகளில் ஒரு கிளிக் என்பது ஒரு கலையில் கால் பங்கு. மில் என்ற இன்னொரு அளவும் உண்டு. ஒரு மில் 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர், 1000 மீட்டரில் ஒரு மீட்டர்.

ஆனால் கோணம் மட்டும் தெரிந்தால் போதுமா? போதாது! 1.8 மீட்டர் உயரமுள்ள பலகை ஒன்று ஸ்கோப்பில் 2 மில் உயரமாகத் தெரிந்தால், அது 900 மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடலாம். ஆனால் அந்தப் பலகையின் உண்மையான உயரம் 1.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்போது தூரம் 800 மீட்டர்தான். 900 என்று நம்பி ஏற்றிவைத்துச் சுட்டால், சாதாரண 7.62 மில்லிமீட்டர் குண்டு பலகையின் நடுவுக்கு ஒரு மீட்டருக்கு மேல் உயரே போய்விடும். ஸ்கோப்பில் ஒரு தவறும் இல்லை. கோணம் மிகச் சரி. தவறு, தெரியும் என்று நினைத்த அந்த ஒரு நீளத்தில்.

ஆகவே எவ்வளவு நல்ல ஸ்கோப்பாக இருந்தாலும் அதற்குத் தரையில் ஒரு உண்மையான நீளம் வேண்டும். அந்த ஒரு நீளத்துக்காகத்தான் 1802-ம் ஆண்டின் கத்திரி வெயிலில் ஒரு கூட்டம் பரங்கிமலையில் இருந்து பெரும்பாக்கம் வரை சங்கிலி பிடித்துக்கொண்டு போனது.

ஒற்றைக் கண் சிப்பாய்

கூட்டத்தின் தலைவர் வில்லியம் லாம்டன். பிரிட்டிஷ் தரைப்படையின் 33-வது ரெஜிமெண்டைச் சேர்ந்தவர். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் சாதாரணக் குடும்பத்தில் பிறந்து, கணிதத்தைப் பெரும்பாலும் தானே படித்துத் தேர்ந்தவர். அமெரிக்க விடுதலைப் போரில் யார்க்டவுனில் கைதியானவர்களில் ஒருவர். பிறகு கனடா பக்கம் பல ஆண்டுகள் நிலம் அளக்கும் வேலையில் இருந்தார். அங்கே ஒரு சூரிய கிரகணத்தைப் போதிய பாதுகாப்பு இல்லாமல் பார்த்ததில் ஒரு கண்ணின் பார்வை கெட்டுப்போனது. பின்னாளில் உலகத்திலேயே பெரிய நில அளவையைத் தொடங்கப் போகிறவருக்கு ஒரு கண்தான்! தொலைநோக்கிக்கு ஒரு கண் போதும் என்பது வேறு விஷயம்.

1799-ல் திப்பு சுல்தானுக்கு எதிரான கடைசிப் போரில் லாம்டன் இருந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே ஒரு இரவு ஜெனரல் பெயர்டின் படை இருட்டில் நடந்துகொண்டிருந்தது. படை போகும் திசை தவறு, எதிரியை நோக்கித்தான் போகிறது என்பதை லாம்டன் வானத்து நட்சத்திரங்களைப் பார்த்தே கண்டுபிடித்தார். ஜெனரல் முதலில் நம்பவில்லை. திசைகாட்டியைப் பார்த்த பிறகுதான் நட்சத்திரங்கள் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டாராம்.

போர் முடிந்ததும் மைசூர் சீமை முழுவதும் கம்பெனியின் செல்வாக்குக்குள் வந்துவிட்டது. வந்த நிலத்தின் அளவு என்ன, எந்த ஊர் எங்கே இருக்கிறது என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. லாம்டன் ஒரு திட்டம் கொடுத்தார். தீபகற்பத்தைக் கிழக்குக் கரையில் இருந்து மேற்குக் கரை வரை முக்கோணங்களால் கட்டி அளப்பது. கூடவே பூமியின் வடிவத்தையும் கணக்கிடுவது. அவருடைய ரெஜிமெண்டின் தலைவர் ஆர்தர் வெல்லஸ்லி திட்டத்தை ஆதரித்தார். (பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே வெல்லிங்டன்தான்.) அப்போது சென்னை கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவும் அனுமதி கொடுத்தார்.

எதிர்ப்பும் இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதுமே, அவர்கள் கொண்டுபோய் விடுவார்கள், இதற்கு எதற்கு இவ்வளவு செலவு என்று நிதி விவகாரம் பார்த்த ஒருவர் கேட்டதாக ஒரு கதை உண்டு. கணக்கு எழுதுகிறவர்களின் கேள்வி எந்தக் காலத்திலும் ஒன்றுதான்!

சீனாவுக்குப் போன சங்கிலி

அளப்பதற்குக் கருவி வேண்டுமே? அதிலும் ஒரு வேடிக்கை. 1793-ல் பிரிட்டிஷ் தூதர் மெக்கார்ட்னி சீனப் பேரரசருக்குப் பல விஞ்ஞானக் கருவிகளைப் பரிசாகக் கொண்டுபோனார். சீன அரசவை அவற்றை மதிக்கவில்லை. தூதுக்குழுவில் இருந்த டின்விடி என்பவரிடம் சில கருவிகள் தங்கி, அவரோடு கல்கத்தாவுக்கு வந்தன. லண்டனின் பெயர்பெற்ற கருவித் தயாரிப்பாளர் ராம்ஸ்டன் செய்த 100 அடி எஃகுச் சங்கிலி அவற்றில் ஒன்று. இரண்டரை அடி நீளமுள்ள 40 கண்ணிகள் கொண்டது. சீனப் பேரரசருக்குப் பிடிக்காத அந்தச் சங்கிலியைத்தான் லாம்டன் வாங்கினார்.

1802 ஏப்ரல் 10-ம் தேதி அளவை தொடங்கியது. வட முனை பரங்கிமலைக்கு அருகே, மலையின் உச்சியில் அல்ல, கீழே சமதரையில். தென் முனை பெரும்பாக்கம் குன்றுப் பக்கம். கோடு ஏறக்குறைய நேர் தெற்காகப் போனது. இன்றைய பெயர்களில் சொன்னால் ஆதம்பாக்கம், மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம், மேடவாக்கம் பக்கமாக. தாம்பரத்தில் இருந்து சேலையூர் வழியாக வேளச்சேரி போகும் சாலை மேடவாக்கத்தை ஒட்டி இந்தக் கோட்டைக் குறுக்கே கடக்கிறது எனலாம். அன்றைக்கு அங்கே வயலும் ஏரியும் பனைமரமும்தான்.

சங்கிலியைச் சும்மா தரையில் போட்டு இழுக்கவில்லை. முக்காலிகளின் மேல் நீளமான மரப்பெட்டிகளை வரிசையாக மட்டம் பார்த்து வைத்து, அதற்குள் சங்கிலியைப் படுக்கவைத்து, நுனியில் எடை கட்டி விறைப்பாக்கினார்கள். பெட்டிக்குள் வெப்பமானிகள். ஒவ்வொரு 100 அடிக்கும் வெப்பநிலை குறிக்கப்பட்டது. ஒன்று முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி அடுத்த 100 அடிக்கு நகர்த்த வேண்டும். இப்படி 400 தடவை!

வெப்பமானி எதற்கு என்று தோன்றலாம். எஃகு சூட்டில் நீளும். இந்தக் கோட்டின் முழு நீளத்துக்கு, ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் தவறினாலே ஏறக்குறைய 3 அங்குலம் தவறும். ஏப்ரல், மே மாதச் சென்னையில் விடியற்காலைக்கும் நடுப்பகலுக்கும் 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். கணக்கில் சேர்க்காமல் விட்டால் ஐந்து அடி காணாமல் போகும். சங்கிலியின் கண்ணிகள் இழுபட்டுத் தேய்ந்து நீளம் கூடுகிறதா என்றும், தனியாக வைத்திருந்த இன்னொரு சங்கிலியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

மே 22-ம் தேதி வேலை முடிந்தது. சூட்டுக்கும் ஏற்ற இறக்கத்துக்கும் திருத்தம் செய்த பிறகு கிடைத்த நீளம் 40,006.4418 அடி. ஏழரை மைலுக்குக் கொஞ்சம் கூடுதல், 12.2 கிலோமீட்டர். பின்னால் நடந்த அத்தனைக்கும் அடிப்படை இந்த ஒரு நீளம்தான். தூரத்துப் பலகையின் உண்மையான உயரம் போல.

அரை டன் ஸ்கோப்

நீளம் கிடைத்துவிட்டது. இனி கோணம். அதற்காக லண்டனில் வில்லியம் கேரி என்பவரிடம் ஒரு தியோடலைட் செய்யச் சொல்லியிருந்தார்கள். தியோடலைட் என்பது கோணம் காட்டும் வட்டத் தட்டின் மேல் பொருத்திய தொலைநோக்கி. இதன் கிடைமட்ட வட்டம் 36 அங்குலக் குறுக்களவு. எடை அரை டன். வட்டம் பெரிதாக இருந்தால்தான் அதில் நுண்ணிய கோடுகளைப் பிரித்து, மைக்ராஸ்கோப் வைத்து விகலை வரை படிக்க முடியும்.

அந்தக் கருவி கப்பலில் வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி மொரீஷியஸ் தீவுக்குப் போய்விட்டது, இது விஞ்ஞானக் கருவி என்று தெரிந்ததும் அங்கிருந்த பிரெஞ்சு கவர்னர் மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பிவைத்தார் என்று சர்வே வரலாறுகள் எழுதியிருக்கின்றன. எப்படியோ 1802 செப்டம்பரில் அது வந்து சேர்ந்தது.

அதன் தொலைநோக்கியில் பார்த்தால் துப்பாக்கி ஸ்கோப்பில் தெரிவது போலவே நடுவில் குறுக்குக் கோடுகள். இந்தக் கோட்டுக்கும் ஒரு முன்கதை உண்டு. 17-ம் நூற்றாண்டில், 1640-ஐ ஒட்டி, அதே யார்க்ஷயரைச் சேர்ந்த வில்லியம் காஸ்கோயின் என்ற இளைஞரின் தொலைநோக்கிக்குள் ஒரு சிலந்தி நூல் கட்டியிருந்ததாம். பார்க்கும் பொருளும் நூலும் ஒன்றாகத் தெளிவாகத் தெரிந்தன. கண்ணாடிகளின் குவியும் இடத்தில் ஒரு நூலை வைத்தால் துல்லியமாகக் குறி பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியது அப்படித்தான் என்பார்கள். காஸ்கோயின் 1644-ல் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் இறந்துபோனார். அவருடைய யோசனை பிழைத்துக்கொண்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். லாம்டனின் தொலைநோக்கி 20, 30 மைலுக்கு அப்பால் உள்ள குன்றின் மேல் பறக்கும் கொடியைப் பார்த்தது. அதே ஆண்டு அவருடைய ரெஜிமெண்டின் சிப்பாய்கள் தூக்கியிருந்த மஸ்கெட் துப்பாக்கி 100 கஜத்துக்கு மேல் ஓர் ஆளைக் குறிவைத்து அடிக்க லாயக்கற்றது. குழலில் சுழல் வரிகள் இல்லாததால் உருண்டைக் குண்டு நேராகப் போகாது. அதன் தலையில் ஸ்கோப் மாட்டி ஒரு பயனும் இல்லை. கண் முதலில் வந்துவிட்டது, குண்டு வெகுகாலம் கழித்துத்தான் வந்தது.

முதல் சோதனை: மூன்று கோணங்கள்

முக்கோண அளவை சுலபமான கணக்கு. ஒரு பக்கத்தின் நீளமும் மூன்று கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களும் தானாக வந்துவிடும். அந்தப் பக்கங்களின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் அடுத்தது. சங்கிலியை ஒருமுறை பிடித்தால் போதும். மீதி எல்லாம் தொலைநோக்கியின் வேலை. பெரும்பாக்கத்தில் இருந்து செங்கல்பட்டைத் தாண்டி, கருங்குழி, பெருமுக்கல் என்று குன்று குன்றாகத் தாவி அளவை கடலூர் பக்கம் போனது.

தொலைநோக்கியை எப்படி நம்புவது? ஒரே கோணத்தைப் பலமுறை அளப்பது ஒரு வழி. முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் தனித்தனியாக அளந்து கூட்டிப் பார்ப்பது இன்னொரு வழி. 180 பாகை வர வேண்டும் அல்லவா? ஆனால் பூமி உருண்டை. அதன் மேல் வரையும் பெரிய முக்கோணத்தில் கூட்டுத்தொகை 180-ஐவிடக் கொஞ்சம் கூடும். ஒவ்வொரு பக்கமும் 30 மைல் உள்ள முக்கோணத்தில் இது ஏறக்குறைய 5 விகலை. கருவி இந்த 5 விகலையையே பிடித்துக் காட்டும் அளவுக்கு நுணுக்கமாக இருக்க வேண்டும். 30 மைல் தூரத்தில் ஒரு விகலை என்பது 23 சென்டிமீட்டர், ஒரு சாண் அளவு!

காற்று இன்னொரு எதிரி. வெயிலில் தரையை ஒட்டிய காற்று சூடாகி அலையடிக்கும்போது குறி நடுங்கும். துப்பாக்கி சுடுபவர்கள் மிராஜ் என்று சொல்வது இதைத்தான். அந்த அலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தே அவர்கள் காற்றின் வேகத்தைக் கணிப்பார்கள். அளவைக்காரர்களுக்கு அதில் பயன் ஏதும் இல்லை, தொல்லை மட்டும்தான். மேலும் ஒளி காற்றில் நேர்கோட்டில் போவதில்லை, லேசாக வளைகிறது. பரங்கிமலையில் இருந்து பெரும்பாக்கம் வரையிலான 12 கிலோமீட்டரில் பூமியின் வளைவால் மட்டும் தரை 11 மீட்டருக்கு மேல் இறங்கிவிடும். ஒளியின் வளைவு அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும். எவ்வளவு என்பது அன்றைய சூட்டைப் பொறுத்தது. லாம்டன் இந்த ஒளிவிலகலையும் தனியாக அளந்து கணக்கில் சேர்த்தார்.

இரண்டாம் சோதனை: பெங்களூர்

திருகை ஏற்றி இறக்கினால் பழைய இடத்துக்கு வருகிறதா என்ற கேள்விக்கு லாம்டன் கண்ட வழி அபாரமானது. சென்னையில் இருந்து முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டே பெங்களூர் வரை போய், அங்கே ஒரு கோட்டின் நீளம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிடுவது. பிறகு அதே கோட்டைச் சங்கிலி பிடித்து நேராக அளப்பது. இரண்டும் பொருந்த வேண்டும்.

1804-ல் லெப்டினென்ட் ஜான் வாரன் பெங்களூருக்கு அருகே அந்தக் கோட்டை அளந்தார். அதுவும் ஏழு மைலுக்கு மேல். கணக்கு சொன்ன நீளத்துக்கும் சங்கிலி சொன்ன நீளத்துக்கும் வித்தியாசம் 4 அங்குலத்துக்கும் குறைவு! மேலே பார்த்த கணக்குப்படி, சங்கிலியின் சூட்டை ஒன்றேகால் டிகிரி தவறாகப் படித்தாலே இவ்வளவு வித்தியாசம் வந்துவிடும். கருவி தேறிவிட்டது.

அளவை மேற்குக் கரையைத் தொட்டபோது பெரிய குட்டு ஒன்று உடைந்தது. அதுவரை எல்லோரும் நம்பிய வரைபடங்களில் தீபகற்பம் சென்னைக்கும் மங்களூருக்கும் நடுவே 400 மைல் அகலம். உண்மையில் 360 மைல்தான். 40 மைல் நிலம் காகிதத்தில் மட்டுமே இருந்தது. பல்லக்குக்காரரிடம் கேட்டிருந்தால் இது தெரிந்திருக்காது.

மூன்றாம் சோதனை: தஞ்சாவூரில் விழுந்த அடி

1808-ல் அளவை தஞ்சாவூரில் இருந்தது. காவிரிப் படுகையில் குன்றே கிடையாது. எங்கே பார்த்தாலும் தென்னையும் பனையும் மறைக்கும். ஆகவே கோயில் கோபுரங்கள்தான் குன்றுகள். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 200 அடிக்கு மேல் உயரம். அதன் மேல் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். பாதியில் ஒரு கயிறு அறுந்தது. அரை டன் கருவி கல் சுவரில் போய் மோதியது. கோணம் காட்டும் பெரிய வட்டம் நெளிந்துபோனது.

வேறொருவராக இருந்தால் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டு இரண்டு மூன்று வருடம் காத்திருப்பார். லாம்டன் புதுக் கருவிக்குச் சொல்லிவிட்டு, கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். கருவியை அக்கக்காகக் கழற்றினார். ஒரு பெரிய பலகையில் வட்டத்தின் சரியான அளவை வரைந்து வெட்டி, நெளிந்த வட்டத்தை ஆப்பு, திருகு, கப்பி எல்லாம் வைத்து, படைக்கலத் துறைக் கம்மியர்களின் உதவியோடு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். ஆறு வாரம் ஆனது. அதே கருவி மறுபடி வேலைக்குப் போனது.

இதில் ஒரு நேர்மையான கேள்வி உண்டு. அடிபட்ட ஸ்கோப்பை நம்பலாமா? நம்பக்கூடாது, முதலில் இருந்து எல்லாச் சோதனையும் செய்ய வேண்டும் என்பதே பதில். அதனால்தான் வழியெங்கும் சில நூறு மைலுக்கு ஒருமுறை புதிதாக அடிக்கோடு அளந்து சரிபார்த்தார்கள். லாம்டனுக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் இந்தக் கருவியைப் பழுது பார்க்க ஹென்றி பாரோ என்ற தொழில் வல்லுநரை இங்கிலாந்தில் இருந்து வரவழைத்தார். பாரோ போன பிறகு அந்த வேலையை ஏற்றவர் ஆற்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொஹ்சின் ஹுசைன். 1843-ல் கணிதக் கருவித் தயாரிப்பாளர் என்ற பதவிக்கே அவர் வந்தார். அதுவரை அந்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரர்தான் உட்கார முடியும் என்று நினைத்திருந்தார்கள்.

யாருக்காக இந்தக் குறி?

இதைப் படிக்கும்போது விஞ்ஞானத்தின் வெற்றி என்று மட்டும் நினைக்கத் தோன்றும். ஆனால் துப்பாக்கியின் மேல் இருந்தாலும் முக்காலியின் மேல் இருந்தாலும் ஸ்கோப்பின் பின்னால் ஒரு நோக்கம் இருக்கும். கம்பெனிக்கு வரி வசூலிக்க நிலத்தின் அளவு வேண்டும். படை நடத்தப் பாதை வேண்டும். வரைபடம் இரண்டுக்கும் உதவியது. குன்றின் மேல் கொடி நட்டுத் தொலைநோக்கியில் பார்ப்பவர்களைக் கிராமத்து மக்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். வீட்டுப் பெண்களை எட்டிப் பார்க்கிறார்கள் என்று சில இடங்களில் சண்டையே வந்தது. அந்தச் சந்தேகத்தில் பாதி நியாயம். பெண்களைப் பார்க்கவில்லை, ஆனால் நாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கருவியைத் தோளில் சுமந்தவர்கள், காட்டை வெட்டியவர்கள், குன்றில் நாள்கணக்கில் கொடி பிடித்தவர்கள் எல்லாம் பெரும்பாலும் இங்கிருந்து போன கூலியாட்கள். 1819-ல் கோதாவரிப் பக்கத்துக் காடுகளில் விஷக்காய்ச்சல் முழுக் கூட்டத்தையும் சாய்த்தது. பலர் இறந்தார்கள். எவரெஸ்ட் உயிர் பிழைத்து, உடல் தேற நன்னம்பிக்கை முனைக்குப் போனார். இறந்தவர்களின் பெயர்கள் சரித்திரத்தில் இல்லை. பெயர் தெரிந்த உதவியாளர்களில் ஒருவர் ஜோஷுவா டி பென்னிங். 1794-ல் சென்னையில் தொடங்கிய சர்வே பள்ளியில் படித்தவர். அந்தப் பள்ளிதான் வளர்ந்து இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது.

லாம்டன் ஓயவே இல்லை. 1823 ஜனவரி 20-ம் தேதி, ஏறக்குறைய எழுபது வயதில், இன்றைய மகாராஷ்டிராவில் உள்ள ஹிங்கன்காட்டில், அளவை வேலையிலேயே இறந்தார். கல்லறையும் அங்கேதான். அவர் தொடங்கிய முக்கோணச் சங்கிலி இமயமலை வரை போனது. 1852-ல் ராதாநாத் சிக்தார் செய்த கணக்கில், 15 என்று எண்ணிட்டிருந்த சிகரம்தான் உலகிலேயே உயரமானது என்று தெரிந்தது. நூறு மைலுக்கும் அப்பால் இருந்து தொலைநோக்கியில் பார்த்தே 29,002 அடி என்று அறிவித்தார்கள். 2020-ல் சீனாவும் நேபாளமும் சேர்ந்து அறிவித்த உயரம் 8848.86 மீட்டர், அதாவது ஏறக்குறைய 29,032 அடி. வித்தியாசம் 30 அடி!

குண்டு வந்து சேர்ந்தது

துப்பாக்கி ஸ்கோப் இதற்குள் பிறந்துவிட்டது. அமெரிக்காவில் ஜான் சாப்மன் 1844-ல் எழுதிய புத்தகத்தில் மார்கன் ஜேம்ஸ் செய்த நீளமான குழாய் ஸ்கோப் வருகிறது. 1855-ல் வில்லியம் மால்கம் இன்னும் தெளிவான கண்ணாடிகளோடு ஸ்கோப் செய்து விற்றார். சுழல் வரிக் குழலும் நீண்ட குண்டும் வந்ததால் தூரம் கூடியது. பம்பாய்ப் படையில் இருந்த டேவிட்சன் என்ற அதிகாரி வடிவமைத்த ஸ்கோப் விட்வொர்த் ரைபிளில் ஏறி, 1860-களின் அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் போனது. நட்சத்திரத்தையும் குன்றுகளையும் பார்க்கப் பிறந்த குறுக்குக் கோடு மனிதர்களின் மேல் படியத் தொடங்கியது அப்போதுதான்.

இன்று துப்பாக்கி சுடுபவர்களிடம் லேசர் தூரமானி இருக்கிறது. காற்று, சூடு, உயரம் எல்லாவற்றையும் கணக்கிட மென்பொருள் இருக்கிறது. ஆனாலும் புது ஸ்கோப் வந்தால் டேப் பிடித்து அளந்த 100 மீட்டரில், உயரம் அளந்து கோடு போட்ட பலகையின் முன்னால்தான் சோதனையைத் தொடங்குகிறார்கள். காரணம் பழைய காரணமே. கண்ணாடி கோணத்தைத்தான் சொல்லும். தூரத்தைத் தரையிடம்தான் கேட்க வேண்டும்.

பரங்கிமலை உச்சியில் லாம்டனுக்கு ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. மலை ஏறுபவர்கள் தோமையார் கோயிலைப் பார்த்துவிட்டு, விமானம் இறங்குவதையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கொஞ்சம் தெற்கே திரும்பிப் பார்க்கலாம். வயலும் ஏரியுமாக இருந்த அந்த ஏழரை மைல் இப்போது வீடுகளுக்கும் கடைகளுக்கும் அடியில் கிடக்கிறது. எவரெஸ்ட் வரை போன கணக்கின் முதல் எண் அங்கேதான் எழுதப்பட்டது.